என் பெயர் இல்லாத சட்னிப் பாட்டில்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு தள்ளுவண்டி. பழைய சைக்கிள் சக்கரங்களையும், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேண்டாம் என்று வீசிய பலகைகளையும் வைத்து என் கையால் அடித்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில், ஒரு தட்டுவடை செட்டுக் கடை. முதலில் தகரம், பிறகு கான்கிரீட். கடைக்குப் பின்னால் ஒரு வீடு. அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டியபோது பாறை வந்தது. “இங்க ஊடு நிக்காதுங்க, வேற எடம் பாருங்க” என்றார் மேஸ்திரி. பாறையைவிடக் கெட்டியான அஸ்திவாரம் உன்னிடம் இருந்தால் கொண்டு வா என்றேன். பாறைமேலேயே கட்டினேன். இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. மேஸ்திரியின் சொந்த வீட்டில் விரிசல் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். இவ்வளவும் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. மோகனூர்ப் பக்கம் ஊரார் வயலில் கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன், பின்னால் நிற்க ஓர் ஆள் இல்லாமல் செய்தது.

இதையெல்லாம் விடப் பெரிதாக நான் உண்டாக்கியது ஒன்று உண்டு. ஒரு மிளகாய்ப் பூண்டுச் சட்னி. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

தட்டுவடை செட்டு என்றால் வேறொன்றுமில்லை. மொறுமொறுவென்ற சின்னத் தட்டை இரண்டு. அடித் தட்டைமேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டையால் மூடி வாயில் போட வேண்டும். சேலத்தில் இது எனக்கு முன்பே இருந்தது. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று புளுக மாட்டேன். புளுகுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பின்னால் வருகிறேன். ஆனால் நான் கடை போட்ட காலத்தில் ஊரில் இருந்த சிவப்புச் சட்னி எப்படி இருந்தது தெரியுமா? ஊறவைத்த மிளகாய், தண்ணீர், தக்காளி, இன்னும் கொஞ்சம் தண்ணீர். நிறம் போதாவிட்டால் பீட்ரூட் சாறு. தடவிய மறுநிமிடம் தட்டை நமத்துப்போகும். மழையில் நனைந்த அட்டைபோல் அது மடிந்துவிடும் என்ற பயத்தில் வாடிக்கையாளர் அவசர அவசரமாக விழுங்குவார். அதைத் தின்றுவிட்டு “அருமை” என்று சொன்னவர்களின் நாக்கைப் பற்றி எனக்கு அப்போதும் மரியாதை இல்லை, இப்போதும் இல்லை.

என் சட்னியைத் தடவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்போதும் கடித்தால் தட்டை சத்தம் போடும். சத்தம் வரவில்லையென்றால் அது செட்டு இல்லை, களி.

அந்தப் பக்குவம் எனக்கு எந்த அடுப்படியிலிருந்தும் வரவில்லை. லாரியிலிருந்து வந்தது. இளவட்டமாக இருந்தபோது நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராக ஆந்திரா லைனில் ஓடிக்கொண்டிருந்தேன். சமைப்பதும் கிளீனர் வேலைதான். என் டிரைவருக்கு நாக்கு நீளம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காரசாரமாக ஒன்று தினமும் வேண்டும், ஆனால் அதற்காக வண்டியை நிறுத்த மாட்டார். கேபினுக்குள்ளோ இன்ஜின் சூடு. எதை வைத்தாலும் மறுநாள் புளித்து நுரைத்துவிடும். இரண்டு தடவை ஜன்னல் வழியாகச் சட்டியோடு வீசினார். மூன்றாவது தடவை என்னையும் வீசுவேன் என்றார்.

அப்போதுதான் யோசித்தேன். கெடுப்பது தண்ணீர்தானே, தண்ணீரே இல்லாமல் செய்தால்? வற்றல் மிளகாயைக் கிள்ளிக் கெட்டிப் புளிக்கரைசலில் போட்டேன். மிளகாய் புளியைக் குடித்து உப்பிக்கொண்டது. பூண்டை உப்போடு சேர்த்து இடித்தேன். எதில் இடித்தேன்? லாரியில் அம்மியா இருக்கிறது? கனமான இரும்புச் சட்டியில் போட்டு வீல் ஸ்பேனரால் இடித்தேன். கழுவினாயா என்று கேட்கிற சுத்தக்காரர்களுக்கு: கழுவினேன். இடித்ததை நல்லெண்ணெயில் போட்டு, சிறு தீயில், எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கிறவரை கிளறினேன். எண்ணெய் மிதக்கவில்லையென்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மிதந்துவிட்டால் அது மூடிபோல் காத்துக்கொள்ளும். கடைசியில் முழுப் பூண்டுப் பற்கள் ஒரு கை. அந்தச் சட்னி விஜயவாடா போய்த் திரும்பி வந்தும் கெடவில்லை. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே பாராட்டு என்று அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு வண்டியை விட்டேன், கடை போட்டேன், அதே சட்னியைத் தட்டையில் தடவினேன். மலைக்கு ஏறுகிற கார்களெல்லாம் நின்றன. இதுதான் வரலாறு. இதில் என்னைத் தவிர யாரும் கிடையாது.

இப்போது சம்பந்தியிடம் வருகிறேன்.

என் மகனும் மருமகளும் ஒரே கல்லூரியில் படித்து, அவர்களே முடிவு செய்துகொண்டு வந்தவர்கள். மருமகளின் அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம் தோட்டமும், மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கிற சேகோ ஆலையும் இருக்கின்றன. தாத்தா வாங்கிய நிலம், அப்பா கட்டிய ஆலை. இவர் கட்டியது வேட்டி மட்டும்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாளில் என் வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர்போல.

மருமகள் கெட்டிக்காரி, அதை மறுக்க மாட்டேன். என் சட்னியை முதல் தடவை தின்றபோதே கண்ணில் தண்ணீரோடு, “மாமா, இத பாட்டில்ல போட்டு வித்தா என்னங்க?” என்றாள். இந்தியா முழுக்க ஆன்லைனில் அனுப்பலாம், ‘சில்லி கார்லிக் சாஸ்’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியும் என்றாள். சட்னிக்கு சாஸ் என்று பெயர் மாறினால்தான் வாங்குவான் என்றால் வாங்குகிறவன் எப்பேர்ப்பட்டவன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சரி என்றேன். அவள் அப்பா ஆலையில் ஒரு ஷெட்டைக் காலி செய்து கொடுத்தார். மெஷின் வந்தது. படம் எடுக்க ஒரு பையன் வந்தான்.

படம் எடுத்தவன்தான் முதல் குண்டைப் போட்டான். மேலே எண்ணெய் மிதப்பது படத்தில் அசிங்கமாகத் தெரிகிறதாம். பாட்டிலைச் சாய்த்தால் வழவழவென்று இறங்க வேண்டுமாம். உடனே சம்பந்தி எழுந்துவிட்டார்.

“எண்ணெய் மெதந்தா ஆரு சாமி வாங்குவா? எண்ணெயக் கொறச்சுத் தண்ணி ஊத்து. நம்ம மாவுல ரண்டு கை போடு. எல்லாம் ஒண்ணாப் புடிச்சுக்கும்.”

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மருந்து அந்த மாவுதான். பாயசம் நீர்த்தால் மாவு. வேட்டி தொய்ந்தால் மாவு. குழந்தைக்கு வயிறு சரியில்லையென்றால் மாவுக் கஞ்சி. உலகத்தில் எந்த ஊர்க்காரனும் மிளகாய்ச் சட்னியில் மரவள்ளி மாவைக் கலக்க மாட்டான். ஆலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் அது தோன்றும்.

ஷெட்டில் போய்ப் பார்த்தேன். சூட்டோடு இருக்கும்போது கண்ணாடிபோல் மின்னியது. கரண்டியால் தூக்கினேன். கயிறு மாதிரி கூடவே வந்தது.

“இது சட்னி இல்ல கண்ணு. கோந்து.”

“ஃபோட்டோவுல நெம்ப நல்லா வருதுங்க மாமா.”

“போட்டோவ நக்கிப் பாக்கறவனுக்கு அனுப்பு.”

அவள் முகம் வாடியது. மகன் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். புளி மாவைச் சும்மா விடாது, நாளாக நாளாக இளக்கிச் சளிபோல் ஆக்கும் என்று அவனிடம் சொன்னேன். அப்பா, அவர்கள் ஆலை, அவர்கள் செலவு, கொஞ்சம் பொறுங்கள் என்றான். நான் பொறுத்தேன். என் வாழ்நாளில் பொறுத்ததெல்லாம் எனக்கு நட்டம்தான்.

அடுத்த மாதம் சம்பந்தியின் இளைய மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. ஜவ்வரிசி காயப்போடுகிற சிமென்ட் களத்தில் பந்தல் போட்டு ஊரையே கூப்பிட்டிருந்தார். அன்றைக்கே சாஸையும் ஊருக்குக் காட்டிவிடுவது என்று ஏற்பாடு. வாசலில் பாட்டில்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். பந்தலின் ஓரத்தில் தட்டுவடை செட்டுக்குத் தனி மேசை. அங்கேதான் அந்த லேபிளை முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் படிக்கவில்லை. கண்ணாடி பையில் இருந்தது. என் பெயர் இருக்கும் என்ற நினைப்பில் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

சம்பந்திக்கு மச்சான் முறை ஆகிற ஒருவர், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், முதல் செட்டை வாங்கினார். மேல் தட்டையைத் தூக்கிப் பார்த்தார். அடித் தட்டையும் சேர்ந்து வந்தது. நடுவில் கேரட் துருவல் ஊஞ்சல் ஆடியது.

“ஏனுங் மச்சான், இது திங்கறதுங்களா, போஸ்டர் ஒட்டறதுங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“எங்க தறிக்கு ஒரு டிரம் அனுப்பி உடுங்க. பாவு நூலுக்கு இதவெச்சுக் கஞ்சி போட்டம்னா ஆயுசுக்கும் நூலு அறாது!”

ஒரு பெரியம்மா வாயை மூடிக்கொண்டே, “கட்டுன பல்லு கழண்டு இதோட போயிருச்சுன்னா ஆருங்க கட்டித் தருவா?” என்றார். எனக்கு மனதுக்குள் சர்க்கரைப் பொங்கல். மருமகளைப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் நின்று ஒட்டிக்கொண்ட தட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் நூல் நூலாக இழுத்தது. பொங்கல் கசந்துவிட்டது.

அந்த நேரத்தில் சம்பந்தி சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இது நம்மூட்டுப் பக்குவமில்லீங்க. சம்பந்தி சொல்லிக் குடுத்தது. ரோட்டுக்கடைச் சரக்குங்களா, கொஞ்சம் முன்னப்பின்னத்தான் இருக்கும். பெரிசு பண்ணாதீங்க.”

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கடையில் நின்று தின்றுவிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள். கண்ணாடியை எடுத்துப் போட்டேன். கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று, ஒவ்வோர் எழுத்தும் களம் முழுக்கக் கேட்டது. ‘மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில்…’ என்று தொடங்கி, சம்பந்தியின் குடும்பப் பெயரில் முடிந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் பார்த்தேன். மூடியிலும் பார்த்தேன்.

“இதுல எம்பேரு எங்கீங்க சம்பந்தி?”

“சம்பந்தி, விசேஷத்துல வெச்சு என்னத்துக்குங்க…”

“நீங்களும் விசேஷத்துல வெச்சுத்தானுங்க சொன்னீங்க. பாட்டில்ல உங்க மூணு தலமொற. பாழாப் போச்சுன்னா மட்டும் எம்பட ரோட்டுக்கடையா? மாவு போடச் சொன்னது உங்க எந்தத் தலமொறைங்க?”

பள்ளிபாளையத்துக்காரர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்து, சம்பந்தி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மகன் என் கையைப் பிடித்தான். “அப்பா, சாப்புடப் போலாம் வாங்கப்பா.” நான் பந்தியில் உட்காரவில்லை. சம்பந்தி வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் வெளியே வருவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. தெரிந்துதான் வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மருமகள் கடைக்கே வந்தாள். சம்பந்தி ஆளனுப்பவில்லை, அவளாகவே வந்தாள். கூட்டம் போகும்வரை ஒரு ஓரமாக நின்றாள்.

“மாமா, எல்லாப் பாட்டிலையும் கொட்டிட்டனுங்க. ஒருக்கா வந்து உங்க கையால பண்ணிக் குடுங்க.”

“உங்கொப்பன் மாவு?”

“சிட்டிகை கூட உள்ள வராதுங்க. நான் சொல்லிட்டேன்.”

“எண்ணெய் மெதக்குமே, போட்டோவுக்கு ஆகாதே?”

“மெதக்கட்டுமுங்க.”

போனேன். என்னையும் என் மனைவியையும் காரில் கூட்டிப் போனார்கள். என் மனைவி பூண்டை வெயிலில் காயவைத்துச் சாக்கில் போட்டு அடித்தாள். தோல் தனியாக, பல் தனியாக வந்தது. நான் பெரிய வாணலியில் கிளறினேன். ஆலைப் பெண்கள் எல்லோரும் தும்மினார்கள். எண்ணெய் பிரிந்து மேலே வந்தபோது மருமகள் கரண்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பழைய டிரைவர் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்குவத்தில்தான் அங்கே நடக்கிறது. பாட்டில் விற்கிறது. எங்கெங்கிருந்தோ கேட்கிறார்கள். எண்ணெய் மிதந்தால்தான் அசல் என்று இப்போது வாங்குகிறவர்களே எழுதுகிறார்களாம். படம் எடுத்த பையன் எண்ணெயைத் தனியாக நெருக்கத்தில் படம் எடுக்கிறான். வெட்கம் கெட்டவன்.

லேபிள் மாறும் என்று நான் கேட்காமலேயே நினைத்திருந்தேன். கேட்டு வாங்கினால் அது பிச்சை என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம். போன வாரம் புது லேபிளின் மாதிரி மகனின் ஃபோனுக்கு வந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சேர்மானத்தில் மாவு இல்லை. அதுவரை சந்தோஷம். புதிதாக ஒரு மாட்டுவண்டி வந்திருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் உலக்கையோடு ஒரு பெண். கீழே அதே மூன்று தலைமுறை, முன்னைவிடப் பெரிய எழுத்தில்.

யார் அந்தப் பெண்? என் அம்மா கரும்புக் காட்டில் இருந்தாள், எங்கள் வீட்டில் பூண்டு வாங்கினால் அது பிள்ளை பெற்றவளுக்கு மட்டும். சம்பந்தியின் அம்மா உலக்கையைத் தொட்டிருந்தால் அது வேலைக்காரியை மிரட்டுவதற்காக இருக்கும். மருமகளிடமே கேட்டேன்.

“பாரம்பரியம்னு போட்டாத்தான் மாமா சனங்க வாங்கறாங்க.”

“அந்தப் பாரம்பரியம் இப்ப உம்முன்னால உக்காந்துட்டு இருக்குது சாமி. இன்னும் சாவல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவிடம் பேசுகிறேன் என்றாள். பேசியிருப்பாள்போல. சம்பந்தி, காதுகுத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஃபோனில் என்னைக் கூப்பிட்டார்.

“பேருல என்னங்க சம்பந்தி இருக்குது? எல்லாம் நம்ம புள்ளைங்களுக்குத்தானுங்களே.”

“செரிங்க. அப்ப உங்க பேரையும் எடுத்துருங்க. பேரே இல்லாம விப்பம்.”

கிழங்கு லோடு வந்திருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “ஏனுங்க, உங்க பேரு உங்க பேருன்னு குதிக்கறீங்களே, இத்தன வருசம் பூண்டு உரிச்சது ஆருங்க? அந்த டிரைவருங்களா?” என்றாள். நியாயமான கேள்வி. அவள் விரல்களில் பூண்டின் காந்தல் இன்னும் இருக்கிறது. அவள் பங்கும் பாட்டிலில் வர வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் கையில் பிடி ஒன்றும் இல்லை என்பது சம்பந்திக்குத் தெரியும். பக்குவம் அவர்கள் ஷெட்டில் இருக்கிறது. மருமகளை வாட்டி அதைத் திரும்பப் பிடுங்க நான் போக மாட்டேன். அந்தத் தைரியத்தில்தான் மாட்டுவண்டி ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். ஆனால் நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதித் தருகிற இது பத்திரிகையில் அச்சாகி வரும், அவர்கள் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், பள்ளிபாளையத்துக்காரர் கட்டாயம் படிப்பார்.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சவில்லை. புது லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்த மூன்று தலைமுறை வரியை எடுக்க வேண்டும். ஷெட் கொடுத்தவர் என்று சம்பந்தியைப் போடுங்கள், அது உண்மை. விற்கிறவள் என்று மருமகளைப் போடுங்கள், அதுவும் உண்மை. பூண்டு உரித்தவள் என்று என் மனைவியைப் போடுங்கள். இந்தச் சட்னியை உண்டாக்கியவன் என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். சம்பந்தியின் குடும்பப் பெயருக்கு எவ்வளவு பெரிய எழுத்துப் போட்டீர்களோ, அதே அளவு எழுத்தில், பாட்டிலின் முன்பக்கத்தில் போடுங்கள்.